ஏழாவது விதியும் என் வீட்டுச் செப்புக்குடமும்

போன வாரம் நிவேதா போன் பண்ணினாள். நான் ரிடையர் ஆகி விட்டுவிட்டு வந்த லேப் ஸ்டூலில் இப்போது உட்கார்ந்திருக்கிற பெண். எம்.எஸ்சி. படித்தவள். நான் பத்தாவது, அதுவும் இரண்டாவது தடவையில்.

"சார், லேபுக்குப் பெயின்ட் அடிக்கிறாங்க. செவுத்துல இருக்கற விதிகளைப் புதுசா எழுதணும். ஆறு வரைக்கும் புரியுது. ஏழாவதுதான் எதுக்குன்னே புரியல. புது டைரக்டர் அதை எடுத்துடலாம்ங்கறாரு."

"அய்யய்யோ, எடுக்கக் கூடாதும்மா!" என்று போனைக் காதில் வைத்தபடியே எழுந்து நின்றுவிட்டேன்.

"அப்ப ஏன்னு எழுதிக் குடுங்க சார். ஒரு பக்கம் போதும்."

ஒரு பக்கமாம்! அந்த விதி என் மானத்தை வாங்கி, என் மனைவியின் குடத்தை வாங்கி, ஒரு கம்பெனியின் குழாயை அடைத்துவிட்டு வந்து சுவரில் உட்கார்ந்த விதி. ஒரு பக்கத்தில் எப்படி அடங்கும்? புது டைரக்டருக்குப் பொறுமை இருந்தால் படிக்கட்டும். இல்லாவிட்டால் நிவேதா மட்டும் படித்தால் போதும்.

முதலில் விதியைச் சொல்லிவிடுகிறேன். ஒன்றாம் விதி, கண்ணாடிப் பாத்திரத்துக்குச் சோப்பு கூடாது. இரண்டாவது, ஏழு தண்ணீரில் அலச வேண்டும். இப்படியே போய் ஏழாவது: "ஆயுத பூஜைக்குக் கலசம் வைத்தால் மண்குடம் மட்டும். கலசத் தண்ணீர் கேனுக்குத் திரும்பக் கூடாது." கையெழுத்து எங்கள் சுலோச்சனா மேடத்துடையது. காரணம் நான்.

நான் வேப்பந்தட்டைக்காரன். எங்கள் பக்கம் வானம் பார்த்த பூமி. பருத்தியும் மக்காச்சோளமும் மழையை நம்பி நிற்கும். இருபத்தைந்து வயது வரை நான் கடலைப் பார்த்தது கிடையாது. அப்படிப்பட்டவனுக்குக் கடல் மாசு பார்க்கிற ஆராய்ச்சி நிலையத்தில் வேலை கிடைத்தது என்றால், அந்த நிலையம் பெரம்பலூரில் இருந்ததுதான் காரணம். கடற்கரையில் இடம் தேடித் தேடி அலுத்துப்போன நிர்வாகம், கடைசியில் பெரம்பலூரில் ஒரு கட்டடம் சும்மா கிடக்கிறது என்று கேள்விப்பட்டு இங்கேயே வந்துவிட்டது. வாசலில் 'கடலோர மாசு கண்காணிப்புக் கூடம்' என்று போர்டு. அதைப் பார்த்துவிட்டு, கடற்கரைக்கு எந்த பஸ் என்று கேட்டு உள்ளே வந்தவர்கள் உண்டு.

என் வேலை என்ன என்று சொல்வதற்குள் பாதி ஆயுள் போய்விட்டது. தா.பழூரில் பெண் பார்க்கப் போனபோது வருங்கால மாமனார் கேட்டார், "மாப்ளைக்கு என்ன வேலைங்க?"

"கடல்ல முள்ளெலின்னு ஒண்ணு இருக்குங்க மாமா. உருண்டையா, ஒடம்பு பூரா முள்ளா இருக்கும். அதுக்குப் பிரசவம் பாக்கறேன்."

அவர் தரகர் முகத்தைப் பார்த்தார். தரகர் கூரையைப் பார்த்தார்.

"பெரம்பலூர்ல ஏதுப்பா கடலு?"

"பஸ்ல வருதுங்க மாமா."

எப்படிப் பெண் கொடுத்தார்கள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அஞ்சலையைக் கேட்டால், "பொய் சொல்லத் தெரியாத ஆளா இருக்குன்னு எங்கப்பா நம்பிட்டாரு" என்பாள். சீர்வரிசையில் ஒரு செப்புக்குடம் வந்தது. அவளுடைய அம்மா கையால் கொடுத்தது. அதைப் பிறகு சொல்கிறேன், அதுதான் இந்தக் கதையில் வில்லன்.

எங்கள் மேடத்தைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. சுலோச்சனா மேடம் குரலை உயர்த்திப் பேசி யாரும் கேட்டதில்லை. சாதாரண நாளில் "ஏப்பா துரைக்கண்ணு" என்பார். கோபம் வந்தால் மரியாதை கூடிவிடும். கொஞ்சம் கோபம் என்றால் "துரைக்கண்ணு சார்." நிறையக் கோபம் என்றால் "தாங்கள்." ஒருமுறை தபால்காரர் ஈரக் கையோடு மைக்ராஸ்கோப்பைத் தொட்டுவிட்டார். "தாங்கள் எழுந்தருளி வாசலில் நிற்க முடியுமா?" என்று மேடம் கேட்ட பிறகு அந்த மனிதர் தபாலைக் கேட்டிலேயே போட்டுவிட்டுப் போக ஆரம்பித்தார்.

மேடத்துக்கு மூக்கு ரொம்ப கூர்மை. ஒவ்வொரு பீக்கரையும் எடுத்து முகர்ந்து பார்ப்பார். எங்களையும் முகர்ந்து பார்ப்பார். பவுடர் போட்டு வந்தால் திரும்பப் போய்க் கழுவிவிட்டு வர வேண்டும். தலைக்கு எண்ணெய் வைத்திருந்தால் துண்டைக் கட்டிக்கொள்ள வேண்டும். கொசுவத்திச் சுருள் கொளுத்திய சட்டையோடு வந்தால் அன்றைக்குத் தோட்ட வேலைதான். "முட்டைக்குள்ள இருக்கறது கரு. அதுக்கு ஓடத் தெரியாது, மூக்கைப் பொத்திக்கத் தெரியாது. நாமதான் ஒழுங்கா இருக்கணும்" என்பார்.

அவர் மேஜையில் ஒரு கல் முள்ளெலி இருக்கும். அரியலூர்ச் சுண்ணாம்புக் கல் சுரங்கத்துப் பக்கம் கிடைத்தது. பல கோடி வருஷத்துக்கு முன்னால் இங்கே கடல் இருந்தபோது வாழ்ந்த ஜீவன். மேடம் தன் வாழ்நாளில் அடித்த ஒரே ஜோக் அதைக் காட்டித்தான். "லேப் சரியான எடத்துலதான் இருக்கு, துரைக்கண்ணு. நாமதான் கொஞ்சம் லேட்டா வந்துட்டோம்." அந்தக் கல்லைத்தான் பேப்பர் பறக்காமல் வைத்துக்கொள்வார். நான் பதினோரு வருஷமாகத் தற்காலிக வேலையில் இருந்தேன். என்னை நிரந்தரமாக்கச் சொல்லும் ஃபைல் அந்தக் கல்லுக்கு அடியில்தான் இருந்தது. மேடம் கையெழுத்துப் போட வேண்டியது மட்டும் பாக்கி.

முள்ளெலிகளை அனுப்புகிறவர் ஆறுமுகம் அண்ணன். கடலோரக் குப்பம் ஒன்றில் படகு வைத்திருந்தார். தெர்மாகோல் பெட்டியில் ஈரச்சாக்கு போட்டு, முள்ளெலிகளை அடுக்கி, அரியலூர் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் அவரே கொண்டு வந்து கொடுப்பார். கூடவே கேன் கேனாகக் கடல் தண்ணீரும் வரும். அங்கிருந்து பெரம்பலூருக்கு என் பொறுப்பு.

"உள்ள என்னய்யா, நண்டா?" என்பார் கண்டக்டர்.

"கடலுங்க."

"கடலுக்கு லக்கேஜ் போடணும்."

ஒருநாள் வேகத்தடையில் பஸ் குதித்த குதியில் மூடி கழன்றுவிட்டது. பன்னிரண்டு முள்ளெலி பஸ்ஸுக்குள் உருண்டோடின. ஒருத்தர் செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்திருந்தார். அவர் போட்ட சத்தத்தில் டிரைவர் டயர் வெடித்துவிட்டது என்று ஓரங்கட்டிவிட்டார். பஸ் மொத்தமும் குனிந்து தேடியது. பதினொன்று கிடைத்தது. பன்னிரண்டாவதை பெரம்பலூரில் இறங்கித்தான் கண்டுபிடித்தேன். கல்யாணத்துக்கு வந்த ஒரு அம்மாவின் பட்டுப்புடவைக் கரையில் அது முள்ளை மாட்டிக்கொண்டு, கூடவே மண்டபத்துக்குக் கிளம்பியிருந்தது. "அம்மா, கொஞ்சம் நில்லுங்க, புள்ளத்தாச்சியா இருந்தாலும் இருக்கும்" என்று நான் பின்னால் ஓட, அவர்கள் வீட்டு ஆட்கள் என்னை அடிக்க வந்துவிட்டார்கள்.

பிள்ளைத்தாய்ச்சி என்று ஏன் சொன்னேன் என்றால், முள்ளெலியில் ஆண் எது பெண் எது என்று வெளியே பார்த்துச் சொல்லவே முடியாது. அதற்குத்தான் ஊசி. முள்ளெலியை மல்லாக்கத் திருப்பினால் நடுவில் வாய் இருக்கும். வாயைச் சுற்றி மெத்தென்று ஒரு தோல். அந்தத் தோலில் பொட்டாசியம் உப்புக் கரைசலைச் சிரிஞ்சில் ஏற்ற வேண்டும். பிறகு உள்ளங்கையில் வைத்து மெதுவாகக் குலுக்க வேண்டும். குலுக்கி, நிறையத் தண்ணீர் வைத்த பீக்கர் வாயில், உச்சி கீழே பார்க்கிற மாதிரி கவிழ்த்து வைக்க வேண்டும். உச்சியில் ஐந்து சின்னத் துளைகள். சில நிமிஷத்தில் அந்தத் துளைகளிலிருந்து இழை இழையாக இறங்கும். மஞ்சளாக இறங்கினால் பெண். பால் போல வெள்ளையாக இறங்கினால் ஆண்.

"பாலா, மஞ்சளா?" என்று மேடம் உள்ளேயிருந்து கேட்பார்.

"மஞ்சள் மேடம்!" என்று நான் கத்துவேன். பக்கத்து வீட்டுக்காரர்கள் நாங்கள் டிபன் கடை நடத்துகிறோம் என்று ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

முட்டைகளை மெல்லிய வலையில் வடிகட்டி, நல்ல கடல் தண்ணீரில் மூன்று தடவை அலச வேண்டும். ஆண் என்று தெரிந்ததும் காய்ந்த தட்டுக்கு மாற்றி, அதன் சரக்கைத் தண்ணீர் படாமல் ஐஸ் மேலே வைக்க வேண்டும். நேரம் வந்ததும் அதைக் கரைத்து ஒரே ஒரு சொட்டு. மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்துக்கொண்டு எண்ணினால், ஒரு நிமிஷம், ஒன்றரை நிமிஷத்தில் ஒவ்வொரு முட்டையைச் சுற்றியும் ஒரு வளையம் எழும்பும். கரு தரித்துவிட்டது என்று அர்த்தம். ஆயிரம் தடவை பார்த்திருப்பேன். ஆயிரமாவது தடவையும் எனக்குச் சிரிப்பு வந்தது, சந்தோஷத்தில்.

அப்புறம் அந்தக் கருக்களைக் கோப்பைகளில் பங்கு போடுவோம். ஒரு கோப்பையில் சந்தேகப்படுகிற தண்ணீர். இன்னொன்றில் சுத்தமான தண்ணீர். இது ஆறுமுகம் அண்ணன் ஆழ்கடலுக்குப் போய் மொண்டு வருவது, கண்ட்ரோல் தண்ணீர் என்போம். இரண்டு நாள் அசையாமல் வைத்துவிட்டுப் பார்த்தால், நல்ல தண்ணீரில் வளர்ந்த குட்டி நாலு காலையும் நீட்டிக்கொண்டு கவிழ்த்துப் போட்ட ஸ்டூல் மாதிரி இருக்கும். கெட்ட தண்ணீரில் வளர்ந்தது கால் முளைக்காமல் கொழுக்கட்டை மாதிரி உருண்டு கிடக்கும். எங்கள் லேபில் அதுதான் பேச்சு. ஸ்டூலா, கொழுக்கட்டையா? நூறு குட்டி எண்ண வேண்டும். நான் புளியங்கொட்டை வைத்து எண்ணுவேன். இப்போது கேமரா எண்ணுகிறதாம். எண்ணட்டும், அதற்குக் கண் வலிக்காது.

கண்ட்ரோல் கோப்பையில் ஸ்டூல் வர வேண்டும். அங்கேயே கொழுக்கட்டை வந்தால் மொத்தச் சோதனையும் குப்பை. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆறுமுகம் அண்ணன் குப்பத்துக்குப் பக்கத்தில் முலாம் பூசும் கம்பெனி ஒன்று கடலுக்குள் குழாய் விட்டிருந்தது. குழாய் வாயைச் சுற்றி மீன் வருவது நின்றுபோனது. முள்ளெலிகள் முள் உதிர்ந்து மொட்டையாகக் கிடந்தன. மனு மேல் மனு போட்டார். கடைசியில் ஒரு விசாரணை அதிகாரி, எங்கள் லேப் அறிக்கை வரட்டும், அதைப் பார்த்து முடிவு செய்கிறேன் என்று ஒரு திங்கட்கிழமையைக் குறித்தார்.

குழாய்த் தண்ணீரைக் கேனில் கொண்டுவந்து இறக்கிவிட்டு அண்ணன் லேப் படியில் உட்கார்ந்தார். "தொரக்கண்ணு, இந்தத் தடவ இல்லன்னா ஃபைல மூடிடுவாங்களாம். அப்புறம் படக வித்துட்டுத் திருப்பூருக்குப் பனியன் தைக்கப் போவ வேண்டியதுதான். எனக்கு ஊசியில நூல் கோக்கக்கூட வராது."

"அண்ணே, நாங்க இருக்கோம்ல" என்றேன். அதைச் சொன்ன வாயை அப்புறம் எத்தனை நாள் நானே குத்திக்கொண்டேன் தெரியுமா!

அந்த வாரத்திலே ஆயுத பூஜை வந்தது. மேடத்திடம் போய் நின்றேன். மேடம் நிபந்தனை போட்டார். கண்ணாடியில் சந்தனம் குங்குமம் கூடாது. உள்ளே ஊதுபத்தி, சூடம், சாம்பிராணி கூடாது. பூசணிக்காய் கேட்டுக்கு வெளியே. மைக்ராஸ்கோப்புக்கு மாலை போடலாம், உறையின் மேலே.

"கலசம் மேடம்?"

"தண்ணிதானேப்பா. வச்சுக்கோ."

அஞ்சலை அன்றைக்கே செப்புக்குடத்தைப் புளி போட்டு விளக்கிக் கொடுத்துவிட்டாள். முகம் பார்த்துச் சவரம் பண்ணலாம், அப்படி ஒரு பளபளப்பு. "ஆபீசு கலசத்துக்கு எங்கம்மா குடுத்த கொடம். ஒரு கீறல் விழுந்துச்சு, வூட்டுக்கு வராதீங்க" என்றாள்.

குடம் வந்துவிட்டது, மாவிலை வந்துவிட்டது, தேங்காய் வந்துவிட்டது. குழாயைத் திறந்தால் காற்றுதான் வருகிறது. அன்றைக்கு முனிசிபல் தண்ணீர் விடுகிற நாள் இல்லை. வெறுங்குடமாக வைக்க முடியுமா? வருஷத்தில் ஒருநாள். சுற்றிப் பார்த்தேன். நாலாம் நம்பர் கேனில் ஆழ்கடல் தண்ணீர், ஸ்படிகம் மாதிரி. டிரைவர் லாரிக்குப் பூஜை போடுகிறான், தச்சர் உளிக்குப் போடுகிறார், எங்களுக்குத் தொழிலே தண்ணீர்தானே என்று ஒரு நியாயமும் தோன்றியது. குடம் நிறைய மொண்டு வைத்துவிட்டேன். பொரி, கடலை, சுண்டல் எல்லாம் சிறப்பாக நடந்தது.

மறுநாள் காலை கலசத்தை எடுத்தேன். இப்போது அது தீர்த்தம். தீர்த்தத்தைக் கால்படுகிற இடத்தில் கொட்டலாமா? கூடாது. செடிக்கு ஊற்றலாமே என்றால், உப்புத் தண்ணீர், செடி பட்டுப்போகும். ஆளுக்கு ஒரு வாய் குடிக்கவும் முடியாது. அண்ணன் உயிரைக் கொடுத்து மொண்டு வந்த தண்ணீர் வேறு. நான் என்ன செய்தேன்? பக்தியோடு அதை நாலாம் நம்பர் கேனிலேயே திரும்ப ஊற்றி மூடிவிட்டேன். சாமி கும்பிட்ட தண்ணீர், இன்னும் நன்றாக வேலை செய்யும் என்று ஒரு நினைப்பு வேறு.

விசாரணைக்குச் சரியாக ஒரு வாரம் முன்னால், திங்கட்கிழமை சோதனை வைத்தோம். முட்டை அலச மிச்சமிருந்த மூன்றாம் கேன். கண்ட்ரோல் கோப்பைகளுக்கு நாலாம் கேன். புதன்கிழமை மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்தேன். குழாய்த் தண்ணீரில் பெரும்பாலும் கொழுக்கட்டை, ஒன்றிரண்டு ஸ்டூல். சரி, எதிர்பார்த்ததுதான். கண்ட்ரோல் கோப்பையை வைத்தேன். கொழுக்கட்டை. தட்டை நகர்த்தினேன். கொழுக்கட்டை. பிள்ளையார் சதுர்த்திக்குக் கூட அவ்வளவு கொழுக்கட்டையை ஒரே இடத்தில் நான் பார்த்ததில்லை. ஸ்டூல் டப்பாவில் ஒரு புளியங்கொட்டைகூட விழவில்லை.

மேடம் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். நிமிர்ந்து, "துரைக்கண்ணு சார்" என்றார்.

அந்த அறிக்கையை அப்படியே கொடுத்தால் என்ன அர்த்தம்? நடுக்கடல் தண்ணீரைவிடக் கம்பெனிச் சாக்கடையே தேவலாம் என்று அர்த்தம். மேடம் எல்லாவற்றையும் முகர்ந்தார். பீக்கர், வலை, ஐஸ் பெட்டி, என் கழுத்து. பொரி உள்ளே சிந்தியதா? இல்லை. சூடம்? இல்லை மேடம். சத்தியமாக எனக்குத் தோன்றவே இல்லை. கலசத்தை நான் தப்பு என்ற பக்கத்திலேயே வைத்துப் பார்க்கவில்லை.

சாயங்காலம் வீட்டுக்குப் போனால் வாசலிலேயே அஞ்சலை குடத்தோடு நிற்கிறாள்.

"என்னத்தங்க ஊத்தி வச்சீங்க இதுல?"

"தண்ணிதான் புள்ள."

"தண்ணியா? உள்ள பாருங்க. பச்சை பச்சையாப் பூத்துக் கெடக்கு. கல்யாணம் ஆன நாள்லேருந்து இந்தக் கொடத்துல தண்ணி வச்சுக் குடிக்கறோம், இப்படி ஆனதில்ல. ஒரே ராத்திரியில தின்னு வச்சிருக்கு!"

குடத்துக்குள் எட்டிப் பார்த்தேன். கழுத்துக்குக் கீழே பச்சை வளையம். உப்புத் தண்ணீர் செம்பைத் தின்றிருக்கிறது. தின்ற செம்பு எங்கே போயிருக்கும்? தண்ணீரில். அந்தத் தண்ணீர்? கேனில். கேன்? அய்யோ சாமி. முள்ளெலிக் கருவுக்கு செம்பைப் போல விஷம் இல்லை என்று மேடமே எனக்குச் சொல்லியிருக்கிறார். வாசலிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

விஷயத்தைக் கேட்ட அஞ்சலை, "சொல்லிடுங்க" என்றாள்.

"வேலை போயிடும் புள்ள. ஃபைல் மேஜை மேலயே இருக்கு."

"ஆறுமுகண்ணனுக்குப் படகு போயிடும். நீங்க என்னத்தத் தைக்கப் போறீங்க, அவரு என்னத்தத் தைக்கப் போறாரு? போய்ச் சொல்லுங்க." எனக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. பயம் என்றால் பயம்தான், அதில் வெட்கப்பட என்ன இருக்கிறது.

வியாழக்கிழமை காலை மேடம் அறைக்குள் போனேன். "என்னப்பா?" என்றார். "டீ வேணுமா மேடம்?" என்று கேட்டுவிட்டு வந்துவிட்டேன். மறுபடி போனேன். "ஃபேன் சத்தம் போடுதுங்க மேடம்" என்றேன். ஃபேன் ஓடவே இல்லை. மூன்றாவது தடவை வாசலைத் தாண்டும்போதே வாய் தானாகத் திறந்துகொண்டது.

"மேடம், எம் பொண்டாட்டி கொடம்! நாந்தான் மேடம்! கலசம், நாலாம் கேனு, திரும்ப ஊத்திட்டேன் மேடம்!"

மேடம் எழுந்து போய்க் கரும்பலகையில் 'செம்பு' என்று எழுதினார். அதையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு திரும்பி, "துரைக்கண்ணு சார், தாங்கள் அந்தக் குடத்தை இங்கே கொண்டுவர இயலுமா?" என்றார். சாரும் வந்துவிட்டது, தாங்களும் வந்துவிட்டது. அந்தக் கல்லுக்கு அடியில் என் ஃபைல் இருந்த பக்கம் நான் பார்க்கவே இல்லை.

ஆறுமுகம் அண்ணனுக்குப் போன் போட்டுப் புது முள்ளெலி, புதுத் தண்ணீர் கேட்டேன். ஏன் என்றும் சொன்னேன். "அடப்பாவி, நடுக்கடல் தண்ணிக்கே சாமி கும்பிட்டு வெஷம் வச்சிருக்கியேடா" என்றார். அழுகிறாரா சிரிக்கிறாரா என்று தெரியவில்லை. வெள்ளிக்கிழமை பெட்டியோடு லேபுக்கே வந்து இறங்கினார். என் முகத்தைப் பார்க்காமல் கேனை இறக்கி வைத்தார்.

இந்தத் தடவை மூன்று வரிசை. சுத்தத் தண்ணீர் ஒன்று. குழாய்த் தண்ணீர் ஒன்று. மூன்றாவது, மூன்றாம் கேனிலிருந்து வியாழக்கிழமையே மொண்டு அஞ்சலை குடத்தில் ஒரு ராத்திரி வைத்து, நான் செய்த அதே அளவுக்குக் கேனில் கலந்த தண்ணீர். இரண்டு நாளும் நான் ஸ்டூலை விட்டு எழவில்லை. நான் உட்கார்ந்திருந்த ஸ்டூலைச் சொல்கிறேன். ஞாயிற்றுக்கிழமை எண்ணினோம். சுத்தத் தண்ணீரில் எல்லாம் காலை நீட்டிக்கொண்டு ஜோராக. குழாயில் கொழுக்கட்டை. குடத்தில் கொழுக்கட்டை.

"கெட்டுப்போன முதல் சோதனையையும் சேர்த்துத்தான் குடுக்கணும்" என்றார் மேடம். "மறைச்சா நாம சொல்ற எதையும் நம்ப வேண்டாம்."

விசாரணைக்கு அஞ்சலையும் கிளம்பிவிட்டாள். குடத்தைத் தனியாக அனுப்ப மாட்டாளாம். பட்டுப்புடவை கட்டி, குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தாள். ஜெயங்கொண்டத்தில் ஏறிய ஒருவர் எந்தக் கோயில் கும்பாபிஷேகம் என்று விசாரித்தார்.

கம்பெனித் தரப்பில் கோட் போட்ட நிபுணர் ஒருவர் வந்திருந்தார். எங்கள் அறிக்கையைப் புரட்டிச் சரியாக முதல் சோதனையில் விரலை வைத்தார். "சார், இவங்க சுத்தத் தண்ணியிலேயே எல்லாம் ஊனமாப் போயிருக்கு. அப்ப இந்த முறையையே எப்படி நம்பறது?"

அதிகாரி மேடத்தைப் பார்த்தார். மேடம் வாயைத் திறப்பதற்குள் நான் எழுந்துவிட்டேன். எல்லாவற்றையும் சொன்னேன். முனிசிபல் தண்ணீர் வராததிலிருந்து, நாலாம் கேன் வரைக்கும். கூட்டம் சிரித்தது. அதிகாரி சிரிக்கவில்லை.

"கலசத் தண்ணியை ஏன் திரும்ப ஊத்தினீங்க?"

"கால் படற எடத்துல கொட்டக் கூடாதுங்களே சார்."

"அது சரிதான். செடிக்கு ஊத்தியிருக்கலாமே?"

"உப்புத் தண்ணிங்க சார். செடி செத்துடும்."

"அதுவும் சரிதான்" என்று தலையாட்டினார். "தேங்காய்?"

"சட்னி அரைச்சுட்டோம் சார்."

மேடம் எழுந்தார். "கலசத்துக்கு அனுமதி குடுத்தது நான். தப்புல பாதி என்னுது. ஆனா ஒண்ணு சார். ஒரு ராத்திரி குடத்துல இருந்த தண்ணி. பார்த்தா தெளிவா இருந்தது, வாசனை இல்ல, நிறம் இல்ல, என் மூக்குக்கே தெரியல. இந்தக் குட்டிகளுக்குத் தெரிஞ்சுது. முறையை நம்பலாமான்னு கேட்டாரே, அதுக்கு இதைவிட வேற சாட்சி எனக்கு வேண்டாம்."

அதிகாரி நிபுணரைக் கேட்டார், "உங்க கம்பெனியில என்ன முலாம் பூசறீங்க?"

"பலது சார்."

"செம்பு?"

கோட்டுக்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அதுவும் உண்டு சார்."

அப்போதுதான் பின்னாலிருந்து அஞ்சலை எழுந்தாள். மேஜைக்கு வந்து குடத்தை அதிகாரி முன்னால் ணங்கென்று வைத்தாள். "சார், இது எங்கம்மா குடுத்த கொடம். ஒரே கொடம், ஒரே ராத்திரி. அதுக்கே அந்தக் குட்டிங்களுக்குக் கால் மொளைக்கல. இவங்க வருஷம் பூரா கடல்ல ஊத்தறாங்களே, அது எத்தன கொடம் சார்?"

யாரும் சிரிக்கவில்லை. அதிகாரி பேனாவை எடுத்து அதை அப்படியே எழுதிக்கொண்டார். ஆறுமுகம் அண்ணன் நாலு நாளைக்கு அப்புறம் முதல்முதலாக என் முகத்தைப் பார்த்தார்.

கழிவைச் சுத்தம் செய்கிற வசதி வரும்வரை குழாயை மூட வேண்டும் என்று உத்தரவு வந்தது. அன்றைக்கு மேடம் என்னைக் கூப்பிட்டார். "துரைக்கண்ணு சார்" என்றார். செத்தேன் என்று உள்ளே போனேன். கல் முள்ளெலியை நகர்த்தி, அடியில் இருந்த ஃபைலை எடுத்துக் கையெழுத்துப் போட்டார். "இனிமே நிரந்தர ஊழியர். சார்னுதானே சொல்லணும்?" என்றார். பிறகு சாக்பீஸை எடுத்துக்கொண்டு போய்ச் சுவரில் ஏழாவது விதியை எழுதினார். பெயின்டர் வந்து அந்த எழுத்துகளின் மேலேயே பெயின்ட்டில் எழுதினான்.

அடுத்த வருஷம் ஆயுத பூஜைக்கு ஆறுமுகம் அண்ணன் சொல்லாமல் கொள்ளாமல் வந்தார். மடியில் ஒரு மண்குடம், வாய் கட்டி, சிந்தாமல் பஸ்ஸிலேயே அணைத்துக்கொண்டு வந்திருக்கிறார்.

"இதுல வைடா கலசம்."

"கேன் தண்ணியத் தொட மாட்டேண்ணே, பட்டது போதும்."

"தண்ணியோடதான் வந்திருக்கேன். அந்தக் கம்பெனிக் குழாய் வாயில மொண்டது."

பூஜை முடிந்து, மறுநாள் மேடமே அந்தக் கலசத் தண்ணீரைக் கோப்பையில் ஊற்றிக் கருக்களை விட்டார். இரண்டு நாள் அண்ணன் ஊருக்குப் போகவில்லை, என் வீட்டிலேயே இருந்தார். மூன்றாம் நாள் அவரை ஸ்டூலில் உட்காரவைத்தேன். அத்தனை வருஷம் முள்ளெலி கொண்டு வந்தவர், ஒருநாளும் மைக்ராஸ்கோப்பில் பார்த்தது கிடையாது. ஒரு கண்ணை மூடத் தெரியாமல் கையால் பொத்திக்கொண்டு பார்த்தார்.

"இங்கன ஒண்ணு கொழுக்கட்ட, தொரக்கண்ணு" என்றார். நான் தட்டை நகர்த்தினேன். பிறகு, "இதுக்குக் கால் இருக்கு. இதுக்கும் இருக்கு. டேய், இதுக்கும் இருக்குடா!" என்று ஒவ்வொன்றாகச் சொல்ல ஆரம்பித்தார். நான் புளியங்கொட்டை போட்டுக்கொண்டே வந்தேன். நூறு தாண்டியும் அவர் நிறுத்தவில்லை, நானும் நிறுத்தச் சொல்லவில்லை.

இதுதானம்மா ஏழாவது விதி. டைரக்டரிடம் சொல்லிவிடு. இன்னொன்று, நிவேதா, அந்த மண்குடம் வடக்கு ஜன்னல் ஓரத்தில்தான் இருக்கும். பெயின்ட் அடிக்கிறவர்கள் பிரஷ் கழுவ எடுத்துவிடப் போகிறார்கள். உடனே போய்ப் பார்.